இடைக்கத்தியும் உறையும்

இடைக்கத்தி என்பது மடங்காத அலகைக் கொண்டதும், உறையில் இட்டு இடுப்பிலோ ஆடையின் உட்புறத்திலோ நாள்தோறும் அணியப்படுவதுமான சிறு கத்தி ஆகும். பேனாக்கத்தியைப் போல் பிடிக்குள் மடிந்து அடங்கும் கத்திகளிலிருந்து இது வேறுபட்டது. அலகு அசைவின்றிப் பிடியோடு இணைந்திருப்பதால் உறுதி மிகுந்தது. ஆனால் கூர் எப்போதும் திறந்தே இருப்பதால், உறை இல்லாமல் இதனை உடலோடு வைத்திருக்க இயலாது. ஆகவே கத்தியும் உறையும் சேர்ந்தே ஒரு பொருளாகக் கருதப்படுகின்றன. குடகின் பீச்சேக்கத்தி, சீக்கியரின் கிர்ப்பான், நேபாளத்தின் குக்குரி, யெமனின் சம்பியா, பின்லாந்தின் பூக்கோ, இசுக்கொட்லாந்தில் காலுறையின் மேல்விளிம்பில் செருகப்படும் ஸ்கீயன் டூ ஆகியன இவ்வகையின் அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள்.

இத்தகைய கத்தி வேலைக்கான கருவியா, ஆயுதமா என்ற கேள்வி நெடுங்காலமாக அரசுகளையும் நீதிமன்றங்களையும் எதிர்கொண்டு வந்துள்ளது. அலகின் நீளத்தை மட்டும் கொண்டு அதற்கு விடை கூற முடிவதில்லை. கத்தி எதற்காகச் செய்யப்பட்டது, எந்த உறையில் உள்ளது, எங்கே எவ்வாறு அணியப்படுகிறது என்பனவும் கணக்கில் வருகின்றன. கத்தியைத் தெரிவு செய்பவரும் இவற்றையே முதலில் பார்க்க வேண்டியுள்ளது.

பெயர்கள்

தமிழில் இடுப்பில் செருகும் சிறு கத்தியைக் குறிக்கப் பிச்சுவா, சூரி என்னும் சொற்கள் வழங்குகின்றன. பிச்சுவா என்பது தேளைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லோடு தொடர்புடையது. தேளின் கொடுக்கைப் போல் வளைந்த அலகால் இப்பெயர் ஏற்பட்டது. மராட்டியப் பகுதிகளில் இது தனி வடிவமுடைய ஓர் ஆயுதத்தின் பெயர். தமிழ் வழக்கிலோ எந்தச் சிறு குத்துக்கத்தியும் பிச்சுவா எனப்படுகிறது. இரு சொற்களும் இன்று பெரும்பாலும் குற்றச் செய்திகளிலேயே இடம்பெறுவதால், அவற்றைக் கேட்டவுடன் கருவி என்ற எண்ணம் எவருக்கும் தோன்றுவதில்லை.

தமிழ்நாட்டில் உறையிட்டு இடுப்பில் அணியும் கத்தி இல்லாமற் போய்விடவில்லை. பனையேறும் தொழிலாளர் பாளை சீவும் அரிவாளை இடுப்பில் கட்டிய அரிவாள்பெட்டியில் வைத்தே மரம் ஏறுகின்றனர். ஏறும்போது இரு கைகளும் மரத்தைப் பற்றியிருக்க வேண்டும். உச்சியை அடைந்தபின் பார்க்காமலே ஒரு கையால் அரிவாளை எடுக்கவும் திரும்ப வைக்கவும் வேண்டும். இறங்கும்போது அது நழுவி விழக்கூடாது. நல்ல உறைக்குரிய தேவைகள் யாவும் இதில் அடங்கியுள்ளன.

மலபாரும் குடகும்

தென்னிந்தியாவில் இடைக்கத்தியின் வரலாறு இரு அண்டைப் பகுதிகளில் எதிரெதிர்த் திசைகளில் சென்றது.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் மாப்பிளமார் இடுப்புப் பட்டையில் கனத்த கத்தி ஒன்றை அணிந்து வந்தனர். பிற்காலத்தில் இது மலப்புறம் கத்தி எனப் பெயர் பெற்றது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலவுடைமையாளருக்கும் ஆங்கில ஆட்சிக்கும் எதிராக அங்கே அடுத்தடுத்துக் கலகங்கள் நிகழ்ந்தன. அவற்றை ஆராய 1852 இல் அமர்த்தப்பட்ட நீதிபதி தாமசு இலமிசுடன் இசுட்ரேஞ்சு கடும் நடவடிக்கைகளைப் பரிந்துரைத்தார். அதன் பயனாக 1854 இல் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுள் ஒன்றான 24 ஆம் எண் சட்டம் மாப்பிளமாரின் போர்க்கத்தியைச் செய்வதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது.

இங்கே ஆட்சியாளருக்கு ஒரு சிக்கல் இருந்தது. தென்னையும் பாக்கும் நிறைந்த நாட்டில் கத்தி இல்லாத வீடு கிடையாது. எல்லாக் கத்திகளையும் தடை செய்தால் வேளாண்மை நின்றுவிடும். எனவே சட்டம் ஆயுதக்கத்தி எனப்பட்ட ஒரு வகையைத் தனியே பிரித்து எடுத்தது. வேலைக்கத்தி தப்பியது, ஆயுதக்கத்தி பறிக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியர் என்றி கொனோலி 1854 ஆம் ஆண்டின் இறுதியில் சுற்றுப்பயணம் செய்து கத்திகளைத் திரட்டினார். சில வாரங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கத்திகள் ஒப்படைக்கப்பட்டன. 1855 செப்டம்பரில் கோழிக்கோடு சிறையிலிருந்து தப்பிய மாப்பிளமார் சிலர் கொனோலியை அவரது மாளிகையிலேயே கொன்றனர். கத்தி பறிப்பு மட்டுமே இக்கொலைக்குக் காரணம் எனக் கூற இயலாது. நாடுகடத்தல், கூட்டுத் தண்டம் போன்ற பிற நடவடிக்கைகளும் பகையை வளர்த்திருந்தன.

மலபாருக்குக் கிழக்கே அமைந்த குடகில் நிலைமை வேறாக இருந்தது. 1834 இல் ஆங்கிலேயர் குடகைத் தம் ஆட்சியில் சேர்த்துக் கொண்டனர். 1857 கிளர்ச்சியின்போது குடகர் ஆங்கிலேயர் பக்கம் நின்றதால், 1861 இல் ஆணையர் மார்க் கப்பன் அவர்களை ஆயுதச் சட்டக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கினார். இவ்விலக்கு விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. துப்பாக்கிகளுக்கான விலக்கை இந்திய அரசு 2019 இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது.

குடகரின் பீச்சேக்கத்தி குப்பியம் என்னும் கருநிற மேலாடையின் மேல் கட்டப்படும் செந்நிறப் பட்டுக்கச்சையில் முன்புறம் செருகப்படுகிறது. பிடியின் தலை பெரும்பாலும் கிளியின் தலையைப் போல் வளைந்திருக்கும். உறை மரத்தாலோ வெள்ளித் தகடு போர்த்தோ செய்யப்படுகிறது. உறையோடு இணைந்த வெள்ளிச் சங்கிலியில் முள்வாங்கி, காதுக்குறும்பி போன்ற சிறு கருவிகள் தொங்குவதும் உண்டு. இன்று இது திருமணத்திலும் திருவிழாவிலும் அணியும் அணிகலனாகவே உள்ளது. இதைவிடப் பெரிதும் அகன்றதுமான ஒடிகத்தி முதுகுப்புறத்தில் தொடங்கு எனப்படும் பித்தளைக் கொளுவியில் உறையின்றித் தொங்கவிடப்படுகிறது.

கிர்ப்பான்

நாள்தோறும் அணியப்படும் நிலைத்த அலகுக் கத்திகளுள் இன்று உலகில் மிகப் பரவலானது சீக்கியரின் கிர்ப்பான் எனலாம். 1699 இல் குரு கோவிந்த சிங் நிறுவிய கால்சா மரபில் திருமுழுக்குப் பெற்றோர் அணிய வேண்டிய ஐந்து அடையாளங்களுள் இது ஒன்று. காத்திரா என்னும் தோள்வாரில் உறையுடன் தொங்கவிடப்படும். இந்திய அரசியலமைப்பின் 25 ஆம் உறுப்புக்கான விளக்கம், கிர்ப்பான் அணிவதும் எடுத்துச் செல்வதும் சீக்கிய சமய ஒழுகலில் அடங்கும் எனக் கூறுகிறது. ஒரு கத்தியின் பெயர் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றிருப்பது அரிது.

உறையின் சிறப்பைக் காட்டும் வழக்கு ஒன்று கனடாவில் நிகழ்ந்தது. 2001 இல் மொண்ட்ரியல் பகுதிப் பள்ளி ஒன்றில் சீக்கிய மாணவர் ஒருவரின் கிர்ப்பான் தற்செயலாகத் தரையில் விழுந்தது. பள்ளி நிருவாகம் அதனை அணியத் தடை விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2006 மார்ச்சில் முல்தானி வழக்கு என்ற பெயரில் தீர்ப்பானது. முற்றான தடை சமய உரிமைக்கு முரணானது என நீதிமன்றம் கருதியது. கீழ் நீதிமன்றம் முன்பே விதித்திருந்த நிபந்தனைகளுள் முதன்மையானவை உறையையும் அணியும் முறையையும் பற்றியவை: உறை மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும், உறையிட்ட கிர்ப்பான் தடித்த துணியில் சுற்றித் தைக்கப்பட வேண்டும், அத்துணி தோள்வாரோடு தைக்கப்பட வேண்டும், ஆடைக்கு உள்ளே அணிய வேண்டும். அலகின் கூர்மை அங்கு முதன்மை பெறவில்லை. அது எளிதில் வெளியே வர முடியுமா என்பதே பேசப்பட்டது.

அலகு

வேலைக்காக அணியும் கத்திக்கு ஏழு முதல் பத்து செண்டிமீட்டர் நீளமுள்ள அலகே போதுமானது. கயிறு அறுத்தல், பழம் நறுக்குதல், பொதி பிரித்தல், மரக்குச்சி சீவுதல் ஆகிய அன்றாட வேலைகளில் இதைவிட நீண்ட அலகு தொல்லையாகவே அமையும். முதுகின் தடிப்பு மூன்று மில்லிமீட்டர் அளவில் இருந்தால் உறுதியும் அறுக்கும் திறனும் ஒருசேரக் கிடைக்கும். அதைவிடத் தடித்த அலகு பார்வைக்கு வலியதாகத் தோன்றினாலும் காயை நறுக்காது, பிளக்கும்.

ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள அலகு வேலைக்கு உரியது. மழுங்கிய முதுகின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தலாம். இருபுறமும் கூர் தீட்டிய குத்துவாள் குத்துவதற்கென்றே அமைந்தது. அதில் விரல் வைக்க இடமில்லை. சட்டத்தின் பார்வையிலும் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது.

அலகின் வால் பிடியின் முழு நீளத்துக்கும் சென்று, இருபுறமும் மரமோ கொம்போ வைத்துத் தறையப்பட்டிருந்தால் பிடி கழன்று வராது. நாட்டுக் கத்திகளில் வால் குறுகியதாக இருக்கும். அதனை மரப்பிடிக்குள் அரக்கு வைத்து இறக்கிப் பூண் போட்டு இறுக்குவர். சமையலறைக்கு இது போதும், நெம்பும் வேலைக்குப் போதாது.

எஃகு இருவகைப்படும். கரிம எஃகில் 0.6 முதல் 1 விழுக்காடு வரை கரிமம் இருக்கும். இது எளிதில் தீட்டப்படும், நன்கு கூர் ஏறும், ஆனால் துருப்பிடிக்கும். தமிழ்நாட்டுக் கொல்லர் பலர் பழைய லாரிகளின் வில்பட்டையை இதற்குப் பயன்படுத்துகின்றனர். துருவேறா எஃகுக் கத்திகளில் 13 விழுக்காட்டளவில் குரோமியம் சேர்ந்திருக்கும். வியர்வை படும்படி உடலோடு ஒட்டி அணியும் கத்திக்கு, அதிலும் நெய்தல் நிலத்து உப்புக்காற்றில், துருவேறா எஃகே ஏற்றது. கரிம எஃகை விரும்புவோர் அலகை நாள்தோறும் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூச வேண்டும்.

எந்த எஃகாயினும் கூரின் ஆயுள் தோய்ச்சலைப் பொறுத்தது. அலகைக் காந்தம் ஒட்டாத அளவுக்குச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கண்ணாடியைப் போல் கடினமாகும். அந்நிலையில் கீழே விழுந்தாலே உடையும். பின்னர் ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்துவர். முடிவில் ராக்வெல் அளவுகோலில் 55 முதல் 60 வரை கடினம் இருப்பது வழக்கம். கடையில் கத்தியைப் பார்த்து இதனை அறிய முடியாது. தோய்ச்சல் தவறிய அலகு முதல் மாதத்திலேயே கூர் மடிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

உறை

நல்ல கத்தியும் மோசமான உறையும் சேர்ந்தால் அது கத்தியே இல்லாததைவிட இடர் மிக்கது. உறையின் பணிகள் மூன்று: கூரிலிருந்து உடலைக் காத்தல், கத்தியைப் பிடித்து வைத்தல், உருவும்போது தான் அசையாமல் நிற்றல். மூன்றாவது பணி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. இடுப்புப் பட்டையில் இறுகப் பிணையாத உறை கத்தியோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும். அவ்வாறு வந்த உறையை மறு கையால் இழுக்கும்போதே விரல்கள் வெட்டுப்படுகின்றன.

தோலுறை மிகப் பழையது. ஓசை எழுப்பாது, அலகைத் தேய்க்காது, உடலின் வடிவுக்கு வளைந்து கொடுக்கும். ஆவாரம் பட்டை போன்ற மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் விறைப்பாக நின்று தைத்த வடிவைக் காக்கும். இம்முறைத் தோல் பதனிடலுக்குத் தென்னிந்தியா ஒருகாலத்தில் உலகச் சந்தையில் பெயர் பெற்றிருந்தது. குரோமிய உப்பில் பதனிட்ட மென்தோல் காலணிக்கும் பைக்கும் சிறந்தது, உறைக்குத் தளர்ந்தது. தோலின் குறை ஈரம். மழைக்காலத்தில் தோலுறையில் விட்டுவைத்த கரிம எஃகு அலகில் சில நாட்களில் துருப்புள்ளி தோன்றும். ஆகவே நெடுநாள் சேமிக்கும்போது கத்தியையும் உறையையும் தனித்தனியே வைப்பது நல்லது. தையலின் உட்புறம் கூரை நோக்கி ஒரு தோல்பட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் கூர் நூலை அறுத்து வெளியே தலைகாட்டும்.

கைடெக்சு என்னும் நெகிழித் தகடு 1960களில் அறிமுகமானது. இதனைச் சூடாக்கிக் கத்தியின் மேல் அழுத்தினால் அதே வடிவில் உறையாகும். கத்தி சொடுக்கென்ற ஒலியுடன் பூட்டிக்கொள்ளும், ஈரம் ஏறாது. மணல் புகுந்தால் அலகில் கீறல் விழும். மரவுறை இரு பாதிகளைக் குடைந்து ஒட்டி மேலே தோல் போர்த்துச் செய்யப்படுகிறது. குக்குரியின் உறை இவ்வகையினது. அதில் கர்தா, சக்மக் எனும் இரு சிறு துணைக்கருவிகளுக்கும் இடம் உண்டு.

வாங்கும்போது எளிய சோதனை ஒன்று உள்ளது. கத்தியை உறையில் இட்டுத் தலைகீழாகப் பிடித்து, மெத்தையின் மேல் நன்கு குலுக்க வேண்டும். விழுந்தால் அவ்வுறை பயனற்றது.

அணியும் இடம்

இடுப்பின் வலப்பக்கமோ இடப்பக்கமோ எலும்புக்குச் சற்றுப் பின்னால் அணிவது பொதுவான முறை. உட்காரும்போதும் குனியும்போதும் பிடி விலாவில் இடிக்காது. நடு முதுகில் அணிவது மறைப்புக்கு வசதியாகத் தோன்றினாலும், இருசக்கர வண்டியிலிருந்து மல்லாந்து விழுவோர்க்கு அது முதுகெலும்பில் பெருங்காயம் விளைவிக்கக்கூடும். முன்புறம் அடிவயிற்றருகே அணிந்தால் தொடையின் பெருந்தமனி அலகின் வழியில் அமைகிறது. கழுத்தில் கயிற்றில் தொங்கவிடும் சிறு கத்திகளும் விற்கப்படுகின்றன. இழுபட்டால் தானே அறுந்துகொள்ளும் கயிறாக இல்லாவிடில் கழுத்தை இறுக்கும்.

சட்டைக்கு அடியில் முற்றிலும் மறைத்து அணிவது இன்னொரு வினாவை எழுப்புகிறது. அதற்கு விடை சட்டத்தில் உள்ளது.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன்கீழ் 2016 இல் வகுக்கப்பட்ட விதிகளும் நடைமுறையில் உள்ளன. இவ்விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை துப்பாக்கி அல்லாத ஆயுதங்களைக் கூறுகிறது. வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளும் அதில் அடங்கும். வீட்டு வேலை, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக அமைந்தவை விலக்கப்பட்டுள்ளன. சட்டத்தின் 4 ஆம் பிரிவின்படி நடுவண் அரசு அறிவிக்கும் பகுதிகளில், குறிப்பிட்ட வகை ஆயுதங்களை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமம் தேவை. மீறினால் பொதுவாக ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். தில்லியில் 1980 இல் வெளியான அறிவிக்கை ஒன்று பொத்தானால் விரியும் கத்திகளைக் கருத்திற்கொண்டு 7.62 செண்டிமீட்டர் என்ற மிகக் குறுகிய நீள அளவைக் குறித்தது.

ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்த கத்தி எதையும் தடையின்றி மறைத்துச் செல்லலாம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது தவறு. 20 ஆம் பிரிவின்படி, உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தீய நோக்கத்துக்கென ஐயுறத்தக்க முறையிலோ சூழ்நிலையிலோ ஆயுதம் ஏந்திச் செல்பவரைப் பிடியாணையின்றிக் கைது செய்து ஆயுதத்தைக் கைப்பற்றலாம். எடுத்துச் செல்லும் முறையே இங்கு அளவுகோல்.

திருவண்ணாமலையில் இரமணாசிரமம் அமைந்துள்ள செங்கம் சாலையை எடுத்துக்கொள்ளலாம். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையின் ஒரு பகுதி இது. இங்கு இளநீர் விற்போரின் அரிவாள் ஐந்தாம் வகையின் அளவுகளைத் தாண்டக்கூடியது. ஆயினும் இளநீர்க் குவியலின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கும் அது வேலைக்கருவி. எவரும் அதனை ஐயுறுவதில்லை. அதே அரிவாளை ஒருவர் சட்டையின் முதுகுப்புறம் செருகிக்கொண்டு கார்த்திகைத் தீபக் கூட்டத்தில் நடந்தால் நிலைமை முற்றும் மாறிவிடும். இரும்பும் கூரும் அவையே. இப்பகுதியில் தங்கும் வெளிநாட்டவர் தத்தம் நாட்டில் மலையேற்றத்துக்கு அணிந்து பழகிய கத்தியை இங்கும் இடுப்பில் அணிய நினைப்பதுண்டு. ஆசிரமத்திலும் கோயிலிலும் அதற்கு வேலை எதுவும் இல்லை. பயணப் பைக்குள் இருப்பதே முறை.

தற்காப்புக்காக வைத்திருப்பதாகக் கூறுவதும் எளிய விடை ஆகாது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் தற்காப்பு உரிமையை ஏற்கிறது. ஆனால் காப்புக்குத் தேவையானதைவிட மிகுந்த தீங்கு விளைவிக்க அவ்வுரிமை இடம் தருவதில்லை. கைகலப்பில் கத்தியை உருவியவர் பின்னர் அந்த அளவை மீறவில்லை என விளக்க வேண்டியிருக்கும். மேலும் நெருங்கிய போராட்டத்தில் உருவிய கத்தி எதிரியின் கைக்கு மாறுவதும், தன் கையையே வெட்டுவதும் அரிதல்ல.

வானூர்திப் பயணத்தில் கத்தி எதுவும் கைப்பையில் இருக்கக் கூடாது. சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்க வேண்டும். 2022 மார்ச்சில் வெளியான ஆணைப்படி, முற்றிலும் உள்நாட்டுப் பயணங்களில் சீக்கியப் பயணிகள் மட்டும் 6 அங்குல அலகும் 9 அங்குல மொத்த நீளமும் மிகாத கிர்ப்பானை அணிந்து செல்லலாம்.

பிற நாடுகளில்

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நாடுகளில் விதிகள் பெரிதும் வேறுபடுகின்றன. இங்கிலாந்தில் 1988 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139 ஆம் பிரிவு, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு. அலகு மடங்காத கத்தி எவ்வளவு சிறியதாயினும் இவ்விலக்கில் அடங்காது. சமயக் காரணமும், தொழிலுக்கான தேவையும், நாட்டுடையின் பகுதியாக அணிவதும் ஏற்கப்படும் காரணங்கள். கிர்ப்பானுக்கும் ஸ்கீயன் டூவுக்கும் இதுவே பாதுகாப்பு. கனடாவில் ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதே தனிக்குற்றம். சிங்கப்பூரில் பொது இடத்தில் தக்க காரணமின்றித் தாக்குதற்குரிய ஆயுதம் வைத்திருப்போர்க்குச் சிறையோடு பிரம்படியும் விதிக்கப்படலாம்.